கடல் இல்லாத மாகாணத்தின் கடற்கரை முகாம்

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை தொடங்கிவிட்டால் பசறையிலிருந்து மொனராகலைக்கு இறங்கும் வீதியில் விடியற்காலையிலேயே வேன்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். கூரைக் கரியரில் சுருட்டிக் கட்டிய தறப்பாள், கரிபிடித்த பெரிய அலுமினியச் சட்டி, கவ்வாத்து மிலாறுக் கட்டு, தண்ணீர்க் கேன்கள். உள்ளே இரண்டு மூன்று குடும்பங்கள். மடியில் பிள்ளைகள், காலடியில் அரிசி மூட்டை, கையில் வாழைப்பழச் சீப்பு. பாட்டுச் சத்தம் அடுத்த வளைவு வரை கேட்கும். போகும் இடம் பொத்துவில், அறுகம் குடா, பாணமை, உகந்தை என்று ஏதாவது ஒரு கரை. ஹோட்டலில் அறை எதுவும் சொல்லி வைத்திருக்கமாட்டார்கள். வேன்தான் படுக்கை. அதன் பக்கத்தில் இழுத்துக் கட்டும் தறப்பாள்தான் முற்றமும் குசினியும்.

இலங்கையின் ஒன்பது மாகாணங்களில் நான்குக்குக் கடற்கரை கிடையாது. மத்திய, வடமத்திய, சப்ரகமுவ மாகாணங்களோடு ஊவாவும் அவற்றில் ஒன்று. பதுளை, மொனராகலை ஆகிய இரண்டு மாவட்டங்களும் சேர்ந்த இந்த மாகாணத்தில் மலை உண்டு, அருவி உண்டு, காடு உண்டு. கடல் மட்டும் இல்லை. ஆனால் பதுளை நகரிலிருந்து பொத்துவில் சுமார் 130 கிலோமீற்றர் தூரம்தான். ஊவாவின் தோட்டங்களில் வாழ்பவர்களுக்குக் கொழும்பைவிடக் கிழக்குக் கடல் பக்கம்.

உலகின் வேறு பல நாடுகளில் இப்படிப் போய்த் தங்குவதற்கென்றே வண்டி செய்திருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த டொக்டர் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் 1885இல் குதிரைகள் இழுக்கும் சொகுசு வண்டியொன்றைச் செய்வித்து, 'வாண்டரர்' என்று பெயரிட்டு, அதிலேயே தங்கி ஊர் சுற்றினார். பொழுதுபோக்குக்கான கேரவன் பயணத்தின் வரலாற்றை அங்கிருந்துதான் எழுதுகிறார்கள். இன்று அமெரிக்காவில் கட்டில், அடுப்பு, குளியலறை, கழிவுத்தொட்டி எல்லாம் உள்ளடங்கிய வண்டிகள் கடலோர முகாம்களில் வரிசையாக நிற்கின்றன. நமக்குப் பக்கத்திலும் இது வந்துவிட்டது. கேரள அரசு 2021இல் 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமண் மலையில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கையும் கேரவன் சுற்றுலாவைப் பேசுகிறது. இலங்கையில் வெளிநாட்டுப் பயணிகள் வாடகைக்கு எடுத்த முச்சக்கர வண்டியின் கூரையில் கூடாரம் விரித்துத் தூங்குவதைத் தெற்குக் கரையிலும் கிழக்குக் கரையிலும் காணலாம்.

இவை எல்லாவற்றையும் புதுமை என்று பத்திரிகைகள் படம் போட்டுக் கொண்டாடுகின்றன. வேனில் சட்டி பானையோடு போய்க் கடற்கரையில் இரவு தங்கும் தோட்டத்துக் குடும்பத்தை மட்டும் எந்தச் சுற்றுலாத் திட்டமும் பயணி என்று கணக்கில் எடுப்பதில்லை. அவர்கள் செய்வதும் அதே முகாம்தான். அவர்களிடம் இல்லாதது கட்டில் வைத்த வண்டி அன்று. வண்டியை நிறுத்திப் பாதுகாப்பாகத் தங்க ஓர் இடம்.

கூலியும் கடலும்

2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் மலையகத் தமிழர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர். பெரும்பாலானோர் மடுல்சீமை, நமுனுகுல, பசறை, ஹாலி எல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் வெளியானது. 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபா ஆனது. அந்த ஆயிரத்துக்காக எத்தனை ஆண்டு போராட்டம் நடந்தது என்பது மலையகத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அறுகம் குடாவில் சீசன் நேரத்தில் ஓர் அறைக்குக் கேட்கும் வாடகையை இந்தக் கூலியோடு வைத்துப் பார்த்தால், குடும்பம் ஏன் மணலில் படுக்கிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

எனவே இந்தப் பயணம் மாதக்கணக்கில் திட்டமிட்டு நடப்பது. லயத்தில் நாலைந்து வீட்டார் சேர்ந்து சீட்டுப் பிடிப்பார்கள். சம்பளத்தன்று ஆளுக்கு ஒரு தொகை ஒருவரிடம் சேரும். கொழும்பில் கடையிலோ கட்டட வேலையிலோ நிற்கும் பிள்ளைகள் புத்தாண்டுக்கு வரும்போது மீதியைப் போடுவார்கள். வேன் பெரும்பாலும் தோட்டத்துப் பையன் ஒருவனுடையதாகவோ, அவன் ஓட்டும் முதலாளியுடையதாகவோ இருக்கும். டீசல் கணக்குத் தனி, சாப்பாட்டுக் கணக்குத் தனி. 2022இல் நாடே எரிபொருள் வரிசையில் நின்றபோது இந்தப் பயணங்களும் அடியோடு நின்றுபோயின. மறுபடி தொடங்கியபோது செலவு பழைய கணக்கில் அடங்கவில்லை. ஆனாலும் போகிறார்கள்.

ஏன் போகிறார்கள் என்ற கேள்விக்கு ஓய்வு, கொண்டாட்டம் என்று சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். இந்த மக்களுக்கும் கடலுக்கும் இடையே நீண்ட கணக்கு ஒன்றும் இருக்கிறது. இவர்களுடைய முன்னோர் கடல் கடந்துதான் கோப்பிக் காலத்தில் இலங்கைக்கு வந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் சேவை தொடங்கியபின் அது வழமையான பாதையாயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பின்பு அதே நீரிணையைக் கடந்துதான் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பதுளையில் கோச்சி ஏறி தலைமன்னார் போய், கப்பலில் உறவைப் பிரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் லயங்களில் இருக்கிறார்கள். 1984இல் கப்பல் நின்றது. அந்தத் தலைமுறைக்குக் கடல் என்றால் பிரிவு. இன்று பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அலையில் இறங்கும் இளம் தகப்பனுக்கு அது விடுமுறை. இந்த மாற்றம் சிறியதில்லை. ஒரு சமூகம் தன் கையால் சம்பாதித்துக்கொண்ட மாற்றம்.

ஒரே காற்று

ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்த காற்றுதான் அறுகம் குடாவுக்கும் பெயர் வாங்கித் தந்தது. மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று தொடங்கியதும் மழை முழுவதும் நாட்டின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்ந்துவிடும். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது காற்றில் ஈரம் இருக்காது. இதைத்தான் கச்சான் காற்று என்கிறார்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாச் சரிவுகளில் அது உலர்ந்து வீசும்போது கொழுந்தின் வளர்ச்சி மட்டுப்பட்டு, இலையில் வாசனைப் பொருள்கள் செறிகின்றன. மெத்தில் சாலிசிலேட் என்ற சேர்மம் அவற்றில் முக்கியமானது. ஊவாத் தேயிலையை வாயில் வைத்ததும் தெரியும் அந்தக் குளிர்ந்த நெடி அதனுடையது. உலகச் சந்தையில் 'ஊவா சீசன்' தேயிலைக்குத் தனி விலை கிடைப்பது இதனால்தான்.

அதே காற்று மலையிறங்கி, மொனராகலைச் சமவெளியைக் கடந்து, அறுகம் குடாவில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. தெற்கு இந்து சமுத்திரத்தில் எங்கோ எழுந்து வரும் பேரலைகள் அப்போது குடாவின் முனையில் திரும்பி உடைகின்றன. எதிர்க்காற்று அந்த அலையின் முகத்தைச் சிதறவிடாமல் நிமிர்த்திப் பிடிக்கிறது. அலைச்சறுக்கு வீரர்கள் உலகெங்கிலுமிருந்து ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை இங்கே வந்து கிடப்பது இதற்காகத்தான். 2019 செப்டெம்பரில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டியும் இங்கே நடந்தது.

ஆகவே மலையில் கொழுந்து வாசனை கட்டும் மாதங்களும் கடற்கரையில் முகாம் போடத் தோதான மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. மழை இல்லை, இரவில் காற்று சுகமாக இருக்கும், தறப்பாள் நனையாது. நவம்பர் பிறந்ததும் எல்லாம் தலைகீழ். வாடைக்காற்றோடு மழை கிழக்கில் இறங்கும், கடல் கொந்தளிக்கும். தீபாவளிக்கு முன்பணம் கையில் வந்திருக்கும் நேரம்தான் அது. ஆனால் அந்தக் காலத்தில் கிழக்குக் கரையில் இரவு தங்க நினைப்பது அறிவாகாது. தைப்பொங்கலும் அப்படியே. எஞ்சுவது சித்திரை விடுமுறையும் ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையும்.

இறக்கம்

பதுளையிலிருந்து கடலுக்கு இரண்டு மூன்று வழிகள் உண்டு. பசறை போய் அங்கிருந்து ஏ22 வீதியில் மொனராகலைப் பக்கம் இறங்கி, ஏ4 வீதியைப் பிடித்து சியம்பலாண்டுவ, லாகுகலை வழியாகப் பொத்துவில் சேர்வது ஒன்று. ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்தார் வெல்லவாய இறங்கிப் புத்தல வழியாக அதே ஏ4க்கு வருவார்கள். பாசிக்குடாவுக்குப் போகிறவர்கள் பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று ஏ5 வீதியில் செங்கலடி வரை போய் மட்டக்களப்புக் கரையைத் தொடுவார்கள்.

எந்த வழியானாலும் முதல் பாதி மலை இறக்கம். அந்த இறக்கம் உயிரை வாங்கியிருக்கிறது. 2021 மார்ச் 20ஆம் திகதி காலையில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்து குறைந்தது 14 பேர் இறந்தார்கள். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில், சுற்றுலா வந்து திரும்பிக்கொண்டிருந்த தங்காலை நகரசபை ஊழியர்களின் பஸ் பள்ளத்தில் பாய்ந்தது. அதில் குறைந்தது 15 பேர்.

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஏறுவதற்குப் போட்ட கியரிலேயே இறங்கு என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய பாடம். பெரிய வேனில் அளவுக்கு மேல் ஆள், அரிசி, தண்ணீர், விறகு என்று ஏற்றும்போது அந்தப் பாடம் இரட்டிப்பாகப் பொருந்தும். கூரைமேல் பாரம் கூடக் கூட வளைவில் வண்டி சாயும் தன்மையும் கூடுகிறது. தண்ணீர்க் கேன்களையும் அரிசியையும் கீழே வைத்து, தறப்பாளையும் பாயையும் மட்டும் மேலே கட்டுவது எளிய காரியம். அதைவிட முக்கியம் சாரதியின் தூக்கம். இரவு முழுக்கக் கடற்கரையில் பாட்டும் கூத்துமாக எல்லோரும் விழித்திருக்கலாம். மறுநாள் மலையேற்றி வீடு சேர்க்க வேண்டியவன் மட்டும் தூங்கியாக வேண்டும். அவன் தூங்க ஓர் அமைதியான மூலை அந்தக் கரைகளில் எங்கே இருக்கிறது?

லாகுகலை வந்ததும் காட்சி மாறும். வீதியோரமாகவே குளமும் காடும். 1980இல் தேசியப் பூங்காவான இது நாட்டின் சிறிய பூங்காக்களில் ஒன்று. ஆனால் வறட்சி மாதங்களில் குளத்தில் வளரும் பெரு என்ற நாணல்புல்லுக்காக யானைகள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். பிள்ளைகளுக்கு இந்தப் பயணத்தின் முதல் பெரிய மகிழ்ச்சி கடலுக்கு முன்பே இங்கே கிடைத்துவிடுகிறது.

கரையில்

பொத்துவிலில் இறங்கியதும் மலையகத்தாருக்குக் கிடைக்கும் ஆறுதல் மொழி. காலி, ஹிக்கடுவைப் பக்கம் போனால் சிங்களமும் ஆங்கிலமும். இங்கே மீன் விலை பேசுவது தமிழில். பொத்துவில் முஸ்லிம்களும் தமிழரும் பேசும் கிழக்குத் தமிழுக்கும் தோட்டத்துத் தமிழுக்கும் ஓசை வேறு. ஆனாலும் ஒரு நாளில் பழகிவிடும். தெற்கே பாணமையில் தமிழும் சிங்களமும் ஒரே குடும்பத்துக்குள் கலந்து கிடக்கும் ஊர். இரண்டு மொழியும் பேசத் தெரிந்த தோட்டத்து இளைஞர் அங்கே அந்நியராக உணர்வதில்லை.

மலையில் மீன் என்றால் ஐஸ் பெட்டியில் வந்த மீன், அல்லது கருவாடு, மாசி. இங்கே கரைவலை இழுத்து முடிந்த கையோடு சூரையும் பாரையும் சாளையும் மணலிலேயே கிடக்கும். கொண்டுவந்த மிலாறு விறகில் அடுப்பு மூட்டி, தோட்டத்தில் இடித்துக் கட்டிவந்த மிளகாய்த்தூளைப் போட்டு வைக்கும் மீன்குழம்பும், தகரத்தில் சுட்ட ரொட்டியும், தேங்காய்ச் சம்பலும்தான் முதல் நாள் இராச்சாப்பாடு. சாயத்தண்ணி எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும்.

இதில் மனதை உறுத்தும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்கும் பெண்களே கடற்கரையிலும் அடுப்படியில் நிற்கிறார்கள். ஆண்கள் கடலில், பிள்ளைகள் மணலில், பெண்கள் புகையில். அதற்குமேல் கழிப்பறைத் துன்பம். பொதுக் கழிப்பறை இல்லாத கரையில் இருட்டும்வரை பெண்கள் காத்திருக்கிறார்கள். அதற்காகவே பகலில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். உப்புநீரில் குளித்த பிறகு நன்னீரில் மேல் கழுவ ஒரு மறைவிடம் கிடையாது. வேன் கதவில் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு உடை மாற்றுகிறார்கள். இரண்டு நாள் விடுமுறையில் அதிக மகிழ்ச்சியும் அதிக அவதியும் யாருக்கு என்று பார்த்தால், இரண்டும் ஒரே ஆளுக்குக் கிடைப்பதில்லை.

கடலும் தன் பங்குக்கு ஆபத்தை வைத்திருக்கிறது. அருவியிலும் ஆற்றிலும் நீந்திப் பழகியவர்களுக்குத் தங்கள் மேல் நம்பிக்கை அதிகம். ஆற்றின் இழுவை கண்ணுக்குத் தெரியும். கடலில் கரைக்கு வந்த தண்ணீர் ஒடுங்கிய ஓடையாகத் திரும்பி உள்ளே ஓடும் இடம் மேலிருந்து பார்த்தால் அலை அடங்கிய அமைதியான பகுதியாகத்தான் தெரியும். குளிக்க வசதியான இடம் என்று நினைத்து அங்கேதான் இறங்குவார்கள். அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது. கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓடையை விட்டு வெளியேறிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்த முடியாதவர் மல்லாந்து மிதந்து கைகாட்ட வேண்டும். ஒருவர் அகப்பட்டதும் மூன்று பேர் பாய்ந்து நான்கு பேரும் போவதுதான் பல மரணங்களின் கதை. கேனோ கயிறோ எறிவதே சரியான உதவி. குடித்துவிட்டு இறங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, இறங்கவே கூடாது. அறுகம் குடாவின் உள்வளைவு ஓரளவு அடக்கமானது, பாசிக்குடா வெகுதூரம் ஆழமில்லாமல் போகும். பாணமைக்கும் உகந்தைக்கும் முன்னால் இருப்பது திறந்த கடல்.

உகந்தையிலிருந்து கதிர்காமம் வரை

கடற்கரையில் பெருங்கூட்டமாக முகாமிடும் பழக்கம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. ஒவ்வோர் ஆண்டும் கதிர்காமத்து ஆடிவேல் விழாவுக்கு முன்பாக, யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியில் தொடங்கும் பாதயாத்திரை கிழக்குக் கரையோரமாகவே நடந்து வந்து உகந்தை மலை முருகன் கோயிலை அடைகிறது. போரால் சிதைந்துபோயிருந்த இந்த நடைப் பயணம் 1988இல் மீண்டும் ஒழுங்காகத் தொடங்கியது; அமெரிக்கரான பற்றிக் ஹரிகனுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஊவாத் தோட்டத்தார் முழு யாத்திரையும் நடப்பது குறைவு. வேனிலும் பஸ்ஸிலும் உகந்தைக்கு வந்து, கடலோரத்துக் கோயில் வளவில் இரவு தங்கி, கூமுனைக் காட்டுப் பாதை திறந்ததும் உள்ளே இறங்குவார்கள். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று இரவுக்கிரவு தங்கித் தங்கி, கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் முழுகுவார்கள். கதிர்காமம் மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது. கடலைப் பார்க்கப் புறப்பட்ட ஊவாக்காரர் காட்டைச் சுற்றி மறுபடி ஊவாவுக்குள்ளேயே வந்து சேர்கிறார்.

இந்த யாத்திரைக்காக மாவட்டச் செயலகம், பிரதேச சபை, வனஜீவராசிகள் திணைக்களம், பொலிஸ், இராணுவம் எல்லாம் ஒன்றுகூடிக் கதவு திறக்கும் நாளையும் மூடும் நாளையும் தீர்மானிக்கின்றன. தண்ணீர் பவுசர்கள் காட்டுக்குள் போகின்றன, மருத்துவ முகாம்கள் போடப்படுகின்றன, அன்னதானம் நடக்கிறது. யானையும் கரடியும் சிறுத்தையும் திரியும் காட்டில் ஆயிரக்கணக்கானோரைக் குழந்தை குட்டியோடு பாதுகாப்பாகத் தங்கவைக்க இந்த அரசு இயந்திரத்துக்குத் தெரியும். ஆண்டுக்கு இரண்டு விடுமுறைக் காலங்களில் சில நூறு வேன்களைக் கரையோரம் ஒழுங்காகத் தங்கவைப்பது இதைவிடக் கடினமான காரியமா?

பூங்காக்களுக்குள் முகாமிட வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு ஒதுக்கப்பட்ட இடங்கள் உண்டு. அவை முன்பதிவும் கட்டணமும் ஜீப்பும் தேவைப்படும் காட்டு முகாம்கள். அறுகம் குடாவில் கூடார விடுதிகள் உண்டு. அவை வெளிநாட்டுப் பயணியின் பணப்பைக்கு ஏற்றவை. பாசிக்குடாவில் போர் முடிந்த பின் நட்சத்திர ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தன. இவற்றுக்கெல்லாம் கீழே, தன் வண்டியோடு வந்து தன் சோற்றைத் தானே ஆக்கித் தின்னும் குடும்பத்துக்கான தட்டு வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமையில்தான் குப்பையும் சேர்கிறது. கரையில் பிளாஸ்டிக் போத்தலும் சோற்றுப் பொதியும் சிதறிக் கிடப்பதைக் காட்டி 'லோக்கல் ட்ரிப்' காரர்களைத் திட்டுவோர் அநேகம். அந்தக் கோபம் நியாயம்தான். குப்பையைப் போட ஒரு பீப்பாய்கூட அந்த இடத்தில் வைக்காதவர்கள் மேலும் அதில் பாதியாவது போக வேண்டும்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் என்ற ஊரில் 1962இல் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அந்த ஆண்டு சியாட்டில் நகரில் உலகக் கண்காட்சி. அதற்குக் காரில் போகும் குடும்பங்கள் இரவு தங்க இடமில்லாமல் தவித்தன. யெலோஸ்டோன் ஆற்றங்கரையில் நிலம் வைத்திருந்த டேவ் டிரம் என்பவர் அவர்களுக்கு இடம் ஒதுக்கினார். ஒரு மேசை, நெருப்பு மூட்ட ஒரு வளையம், சுடுநீர்க் குளியல், கழிப்பறை, ஒரு சிறு கடை. இரவுக்கு ஒன்றேமுக்கால் டொலர். கே.ஓ.ஏ. என்ற பெயரில் அது பின்னாளில் வட அமெரிக்காவெங்கும் நூற்றுக்கணக்கான முகாம்களாக விரிந்தது. இத்தனை பெரிய தொழில் சொகுசிலிருந்து தொடங்கவில்லை; கழிப்பறையிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தொடங்கியது.

பொத்துவிலுக்கும் பாணமைக்கும் இடையில் பிரதேச சபை ஒன்று ஒரு ஏக்கர் நிலத்தை இப்படி ஒதுக்கினால் என்ன ஆகும்? ஆமை முட்டையிடும் மணலை விட்டு உள்ளே தள்ளி, சவுக்கு நிழலில் வேன் நிறுத்தும் இடம். இலங்கைக் கரைகளில் ஐந்து வகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன; வண்டிச் சில்லும் இரவு வெளிச்சமும் அவற்றுக்கு எமன். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, நன்னீர்க் குழாய், உடை மாற்றும் அறை. சீமெந்தில் கட்டிய நாலைந்து அடுப்பு, குப்பைத் தொட்டி. பகலில் ஓர் உயிர்காப்பாளர், இரவில் ஒரு காவலாளி. வேனுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கினால் சீட்டுப் பிடித்து வரும் குடும்பம் தயங்காமல் கொடுக்கும். இப்போதும் அவர்கள் யாராவது ஒருவரின் காணியில் நிறுத்துவதற்குக் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். உள்ளூரில் தேங்காய், மீன், விறகு, ஐஸ் விற்பவருக்கும் அது வருமானம். ஹோட்டலில் தங்கும் பயணி சூப்பர் மார்க்கெட்டில் வாங்குகிறான். வேனில் வரும் குடும்பம் கரைவலைக்காரரிடம் நேரே வாங்குகிறது.

தோட்டப் பக்கத்திலும் செய்ய வேண்டியது இருக்கிறது. பெரும்பாலான தோட்டங்களில் கூட்டுறவுச் சங்கம், கோயில் கமிட்டி, இளைஞர் கழகம் என்று ஏதாவது ஓர் அமைப்பு உண்டு. ஆளுக்கொரு உயிர்காப்பு மேலாடையும், நீண்ட கயிறும், ஒரு முதலுதவிப் பெட்டியும், பெரிய தறப்பாள் இரண்டும் வாங்கிப் பொதுவில் வைத்தால் ஒவ்வொரு வேனும் மாறி மாறிக் கொண்டுபோகலாம். கலியாணச் சட்டிகளைப் பொதுவில் வைத்து மாறி மாறி எடுக்கும் வழக்கம் லயங்களில் ஏற்கெனவே இருக்கிறது. சமையலை முறைபோட்டுக்கொண்டு முதல் நாள் ஆண்கள், இரண்டாம் நாள் பெண்கள் என்று வைத்துக்கொள்வதற்குச் சங்கம்கூடத் தேவையில்லை.

இந்த விடுமுறைக்குப் புறப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பதுளைப் பக்கத்திலிருந்து விடியப் புறப்பட்டால் இறக்கத்தை வெளிச்சத்தில் கடந்து, வெயில் ஏறும்போது லாகுகலையைத் தாண்டிவிடலாம். மாலை மங்கிய பிறகு லாகுகலையிலும் பாணமை–உகந்தை கிரவல் பாதையிலும் யானை வீதிக்கு வரும். அந்நேரத்தில் அங்கே வண்டி ஓட்டக்கூடாது, வேனை நிறுத்தி இறங்கிப் படம் எடுக்கவும் கூடாது. உகந்தைப் பக்கத்தில் இரவு தங்கினால் பழமும் மிஞ்சிய சோறும் வெளியில் இருக்கவே கூடாது. யானை வாசனைக்கு வரும். களப்போரத்தில் முதலை உண்டு, பிள்ளைகளை அங்கே கைகால் கழுவ விடாதீர்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுபோனால் ஓடும் வேனுக்குள் இணைப்பைக் கழற்றி வைத்து, சமைக்கும்போது வெளியே திறந்தவெளியில் வைத்து மூட்டுங்கள். ஈரமணலில் வேனை இறக்காமல் கெட்டித் தரையிலேயே நிறுத்துங்கள். திரும்பும் நாளன்று மலையேறத் தொடங்குமுன் மொனராகலையில் நிறுத்தி, சாரதிக்கு ஒரு மணி நேரம் தூக்கம் கொடுங்கள்.